எட்டு எழுத்துக்குள் ஒரு குளிசைப் பெட்டி

போட்டோக் கொப்பி மெஷினில், பஸ் ரிக்கற் அடிக்கிற சின்னப் பெட்டியில், பள்ளிக்கூடக் கண்காட்சியில் யாரோ ஒருவர் செய்து வைக்கிற தண்ணீர்த் தாங்கி அலாரத்தில் எண்டு எங்கேயாவது அந்தத் திரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சையாகவோ நீலமாகவோ வெளிச்சம், அதற்குள் இரண்டு வரி. ஒரு வரிக்கு 16 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் குறுக்கே 5, நெடுக்கே 8 எண்டு 40 புள்ளி. கணக்குப் பார்த்தால் முழுத் திரையிலும் 1280 புள்ளிகள்தான். இந்தக் காலத்துப் போன் திரைக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வரும். ஆனாலும் மலிவு, வெயிலில் தெரியும், வருசக் கணக்கில் உழைக்கும். அதனால் இன்னும் எல்லா இடத்திலும் இருக்கு.

நாங்கள் மூன்று பேரும் இந்தத் திரையைக் கையில் எடுத்தது ஒரு குளிசைப் பெட்டிக்காக. எங்களில் ஒருவனுடைய அம்மம்மா வடமராட்சியில் தனியாக இருக்கிறா. பிறசருக்கும் சீனிக்கும் கிளினிக்கில் மருந்து குடுக்கினம். காலை, பகல், இரவு எண்டு மூன்று வேளை. சின்னக் கடதாசிப் பைகளில் வரும், பையில் இருக்கிறது இங்கிலீசு. பேரன் வீட்டில் நிற்கும் வரைக்கும் அவன் வாசித்துச் சொன்னான். அவன் படிக்க வெளிக்கிட்ட பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டி வந்தது. அந்தப் பிள்ளை ரியூசனுக்குப் போன நேரங்களில் அம்மம்மா குளிசையின் நிறத்தைப் பார்த்து எடுத்தா. அடுத்த மாதம் கிளினிக்கில் வேறு கொம்பனியின் குளிசை வந்தால் நிறமும் மாறிவிடும்.

இதில் ஒரு விசயம் சொல்ல வேணும். அம்மம்மா எழுத வாசிக்கத் தெரியாத ஆள் இல்லை. பேப்பர் வந்தால் மரண அறிவித்தல் தொடக்கம் கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு வரி விடமாட்டா. பிழையாக அச்சடித்த சொல்லைக் காட்டி எங்களிடம் முறைப்பாடு சொல்லுவா. அப்பிடிப்பட்ட மனிசி ஒரு கடதாசிப் பையைத் தூக்கிக்கொண்டு பத்து வயதுப் பிள்ளையிடம் "இதில என்ன போட்டிருக்கு பிள்ளை" எண்டு கேட்க வேண்டியிருந்தது. நேரம் வந்தால் சத்தம் போட்டு, எந்த வேளைக் குளிசை எண்டு திரையில் காட்டுகிற பெட்டி ஒன்றைச் செய்வோம் எண்டு இறங்கினதுக்குக் காரணம் அதுதான். அந்தத் திரையிலும் இங்கிலீசு வந்தால் பெட்டி செய்து என்ன பயன்?

ஆர்டுயினோ ஒன்று, நேரம் பார்க்க டி.எஸ். 3231 கடிகாரச் சில்லு ஒன்று, அதற்கு ஒரு பட்டன் பற்றரி, ஒரு பசர், இந்தத் திரை. வயரெல்லாம் பூட்டி முடிந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, 'வ' எண்டு ஒரேயொரு தமிழ் எழுத்தை நிரலில் தட்டி அனுப்பிப் பார்த்ததுதான். வராது எண்டு தெரியும். வராவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும் எண்டு பார்க்க ஆசை.

திரையில் மூன்று உருவம் வந்தது. முதலாவது கிரேக்க எழுத்தான அல்பா. இரண்டாவது சின்னதாக ஒரு ஜப்பானிய 'யோ'. மூன்றாவது ஜப்பானிய 'ஓ'. பிறகு 'ம' அனுப்பினோம். அல்பா, சின்ன யோ, திரும்பவும் சின்ன யோ. எந்தத் தமிழ் எழுத்தை அனுப்பினாலும் அல்பாவில்தான் தொடங்கியது.

காரணம் பெரிய மர்மம் இல்லை. யுனிகோட் எழுத்துகளைக் கணினி சேமிக்கிற யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வேணும். மூன்றில் முதலாவது எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். இந்தத் திரைக்கோ ஒரு பைட் எண்டால் ஒரு உருவம். மூன்றையும் சேர்த்து ஒரு எழுத்து எண்டு அதுக்கு விளங்காது. ஆகவே தன்னிடம் இருக்கிற பட்டியலில் மூன்று இடத்தைத் தேடி மூன்று உருவத்தைப் போடுது. அந்த முதல் பைட்டின் இடத்தில் அதன் பட்டியலில் இருப்பது அல்பா. சிங்களத்தை அனுப்பினால் என்ன எண்டும் பார்த்தோம். அதுவும் அல்பாவில்தான் தொடங்குது, இரண்டாவது மட்டும் 'கா' அல்லது 'கி'. நாட்டின் இரண்டு அரச கரும மொழிகளும் இந்தத் திரைக்குள் போனால் பக்கத்துப் பக்கத்துக் குப்பையாகத்தான் வெளியே வரும். இங்கிலீசு மட்டும் வடிவாக வரும்.

ஏன் ஜப்பானிய எழுத்து? திரைக்குப் பின்னால் இருக்கிற கட்டுப்பாட்டுச் சில்லு ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் செய்த எச்.டி. 44780. இப்போது வருகிற திரைகளில் பெரும்பாலும் அதைப் பார்த்து வேறு ஆட்கள் செய்த சில்லுகள் இருக்கும். மொழி மட்டும் அதே மொழிதான். அந்தச் சில்லுக்குள் ரொம் எண்டு அழியாத நினைவகம் ஒன்று இருக்கு. அதற்குள் எழுத்துகளின் உருவங்களைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுகிறார்கள். கடைகளில் அதிகம் கிடைக்கிற வகையில் இங்கிலீசு எழுத்துகள், எண்கள், கட்டகானா எண்ட ஜப்பானிய எழுத்துகள், கொஞ்சம் கிரேக்கம், சில கணிதக் குறிகள். ஐரோப்பிய மொழிகளுக்கெண்டு இன்னொரு வகையும் உண்டு.

நாங்கள் முதலில், "தங்கட மொழியைப் போட்டுட்டு மற்ற ஆட்களை விட்டுட்டாங்கள்" எண்டுதான் கதைத்தோம். பிறகு வாசிக்க வாசிக்க அவர்கள் பாடும் லேசில்லை எண்டு விளங்கியது. ஜப்பானியர் அன்றாடம் எழுதுகிற காஞ்சி எழுத்துகள் ஆயிரக்கணக்கில். 40 புள்ளிக்குள் அவற்றை எழுத ஏலாது. அதனால் காஞ்சியை விட்டுவிட்டு, ஒலியை மட்டும் எழுதுகிற கட்டகானாவை எடுத்து, அதையும் ஒடுக்கி ஒரு பைட்டுக்குள் அடக்கினார்கள். 1969 இல் வந்த அவர்களுடைய குறியீட்டுத் தரத்திலேயே அந்த ஏற்பாடு இருக்கு. 'க'வை 'ga' ஆக்க எழுத்தின் தோளில் போடுகிற இரட்டைக் கீறலுக்குக் கூட இடமில்லாமல், அதைத் தனிக் கட்டத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தங்கள் மொழியை இயந்திரத்துக்குள் கொண்டுபோக அவர்களும் ஒன்றை விட்டுக் குடுத்துத்தான் போயிருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், எதை விடுவது எண்டு முடிவெடுத்ததும் அவர்கள்தான்.

எங்களுக்கு அந்த முடிவை எடுக்கக் கிடைத்த இடம் மிகச் சின்னது. எச்.டி. 44780 ஐச் செய்த ஆட்கள், ரொம்மில் இல்லாத உருவங்களைப் பாவிப்பவரே கீறிக்கொள்ளட்டும் எண்டு ஒரு சின்ன நினைவகத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். 64 பைட். ஒரு எழுத்துக்கு 8 வரி, வரிக்கு ஒரு பைட். ஆக 8 எழுத்து. தமிழ் எழுத்து 247 எண்டு நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறோம். 247 இல் எட்டு!

கீறுகிற முறை லேசு. சதுரக் கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் 5க்கு 8 எண்டு ஒரு பெட்டி அடியுங்கோ. மேலே இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 எண்டு எழுதுங்கோ. எந்தப் புள்ளி எரிய வேணுமோ அந்தச் சதுரத்தை நிரப்பிவிட்டு, ஒவ்வொரு வரியிலும் நிரப்பிய இடங்களின் எண்களைக் கூட்டுங்கோ. 'ப'வுக்கு இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. முதல் ஆறு வரியும் 16 உம் 1 உம் சேர்ந்து 17. ஏழாவது வரி முழுவதும் நிரம்பி 31. எட்டாவது வரி வெறுமை, 0. இந்த எட்டு எண்ணையும் திரைக்கு அனுப்பினால் 'ப' தயார். வலப்பக்கக் கோட்டை எடுத்துவிட்டால் 17 எல்லாம் 16 ஆகும், அது 'ட'. தமிழில் இப்பிடி நல்ல பிள்ளைகள் கொஞ்சப் பேர் இருக்கினம். மற்றவை எல்லாம் சுழியும் வளைவும்.

பேனையால் எழுதும்போது நாங்கள் யோசிக்காத விசயம் எல்லாம் பென்சிலும் அழிறப்பரும் வைத்துக்கொண்டு இருந்தபோது தெரிய வந்தது. 'கு'வின் வால் கீழே இறங்கும், அதனால் எட்டாவது வரியும் வேணும். 'ல்' எண்டால் மேலே புள்ளி, புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு வெறும் வரி. மிச்சம் ஆறு வரிக்குள் 'ல' முழுவதும் அடங்க வேணும். 'ர'வுக்கும் அரவுக்கும் இருக்கிற வித்தியாசம் அடியில் ஒரு கீறல்தான். 'ளி' ஒரு கட்டத்துக்குள் வரவே வராது. அதுக்கு இரண்டு கட்டம் குடுத்தோம். ஆனால் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கண்ணாடியிலேயே ஒரு இடைவெளி இருக்கு. அங்கே புள்ளியே இல்லை. 'ளி' அந்த இடத்தில் ஒரு வெடிப்போடுதான் நிற்கும்.

ஐகாரத்தில் இன்னொரு கதை. கணினி 'லை'யைச் சேமிக்கும்போது முதலில் 'ல', பிறகு ஐகாரக் குறி. கண்ணுக்குத் தெரியும்போது குறி முன்னுக்கு வரும். போனில் அந்த இடமாற்றத்தை யாரோ எழுதிய மென்பொருள் எங்களுக்குத் தெரியாமலே செய்து தருகுது. இந்தத் திரையில் யாரும் இல்லை. குறியை முன்னுக்கும் 'ல'வைப் பின்னுக்கும் நாங்களே கையால் வைக்க வேணும்.

அம்மம்மா படித்த காலத்து 'லை' வேறு. துதிக்கை மாதிரி ஒரு வளைவு 'ல'வோடு ஒட்டி மேலே வரும். இப்பவும் அவ கடிதம் எழுதினால் அப்பிடித்தான் எழுதுவா. 1978 இல் தமிழ்நாட்டு அரசு அறிமுகப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தில் லை, ளை, னை, ணை எல்லாத்துக்கும் ஒரே ஐகாரக் குறி எண்டு வந்தது. இங்கேயும் இப்ப அச்சில் வருவது அதுதான். எங்களுக்கு அது பெரிய உதவி. பழைய 'லை'க்கு எப்பிடியும் இரண்டு கட்டம் போயிருக்கும். புதிய முறையில் ஒரே குறியை 'லை'க்கும் 'சை'க்கும் பாவிக்கலாம்.

தமிழை இயந்திரத்துக்குள் அடக்க இப்பிடி மல்லுக்கட்டிய முதல் ஆட்கள் நாங்கள் இல்லை. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாப் பக்கம் போன ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப் பலகையை வடிவமைத்தவர். அவருக்கும் இதே பிரச்சினைதான். 247 எழுத்துக்கு 247 விசை வைக்க ஏலாது. தட்டினாலும் தாள் நகராமல் நிற்கிற நகரா விசைகள் தமிழ்த் தட்டச்சில் இருக்கு. குறியைத் தட்டிவிட்டு அதே இடத்தில் எழுத்தைத் தட்டலாம். எங்கள் திரையில் ஒரு கட்டத்துக்கு மேல் இன்னொன்றைப் போட வழியில்லை. அந்த வசதி இல்லாமல் எட்டை வைத்து என்ன சொல்லலாம் எண்டு கணக்குப் பார்த்தோம்.

கணக்கில் முதல் கேள்வி: மருந்தை என்ன பெயரில் எழுதுவது? 'மாத்திரை' எண்டால் ம, அரவு, த், தி, ஐகாரக் குறி, ர எண்டு ஆறு உருவம். 'குளிசை' எண்டால் கு, ளி, ஐகாரக் குறி, ச. ளிக்கு இரண்டு கட்டம் எண்டதால் மொத்தம் ஐந்து. அம்மம்மாவின் வாயில் மாத்திரை எண்ட சொல் ஒரு நாளும் வந்ததில்லை, அவவுக்கு அது எப்பவும் குளிசைதான். கொப்பிக் கணக்கும் அவவின் பேச்சும் ஒரே சொல்லில் வந்து நின்றதைப் பார்த்து நாங்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டோம்.

எட்டில் ஐந்து போனால் மூன்று. அந்த மூன்றுக்குள் வேளையின் பெயர் வர வேணும். 'காலை' எண்டால் க, அரவு, ல. ஐகாரக் குறி ஏற்கெனவே குளிசையில் இருக்கு. மூன்று. மத்தியானம் எண்டால் ஏழு தேவை, அது சரிவராது. ஆனால் 'பகல்' எண்டால் ப, க, ல். மூன்று. 'இரவு' எண்டால் இ, ர, வு. அதுவும் மூன்று. ஒரு நேரத்தில் எட்டு உருவம்தான் இருக்கலாம் எண்டாலும், அந்த எட்டை எத்தனை தரமும் மாற்றி எழுதலாம். ஆகவே குளிசையின் ஐந்தும் நிரந்தரமாக இருக்கும். வேளைக்கு வேளை மற்ற மூன்றையும் அழித்து அடுத்த மூன்றை ஏற்றுவோம். எத்தனை குளிசை எண்டு காட்டுகிற எண்கள் ரொம்மிலேயே இருக்கு. ஒரு இடமும் மிச்சம் இல்லை, ஒரு இடமும் காணாமல் போகவில்லை.

எங்களை ஆகக் கூட அலைக்கழித்தது 'இ'. ஐந்து புள்ளி அகலத்தில் அந்தச் சுழிகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒரு கறுப்புக் கட்டியாக நின்றன. கடைசியில் உள்சுழியை விட்டுவிட்டு வெளிக்கோட்டை மட்டும் வைத்தோம். தனியாகப் பார்த்தால் அது 'இ' எண்டு யாரும் சத்தியம் பண்ண ஏலாது.

பெட்டியைக் கொண்டுபோய் அம்மம்மாவின் மேசையில் வைத்து, முதலில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினோம். 'ப' உடனே சொன்னா. 'க' சொன்னா. 'ச'வில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரு முறை பார்த்தா. 'இ' வந்ததும், "இதென்ன நத்தையோ?" எண்டு கேட்டா. எங்களுக்கு முகம் சுருங்கியது. பிறகு முழு வரியையும் காட்டினோம். "இரவு குளிசை ரெண்டு" எண்டு வாசித்துவிட்டு, இதிலென்ன இருக்கு எண்ட மாதிரி எங்களைப் பார்த்தா. 'ளி'யின் நடுவில் இருந்த வெடிப்பு அவவுக்குத் தெரியவே இல்லை. அறுபது எழுபது வருசம் வாசித்த கண் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக்கொண்டு நிற்காது. தெரிந்த சொல்லின் சாயல் வந்தால் போதும், மிச்சத்தை அதுவே நிரப்பும். எங்கள் நாற்பது புள்ளி செய்யாமல் விட்ட வேலையை அவவின் வாசிப்பு செய்து முடித்தது.

ஒன்று மட்டும் எங்களைக் கொஞ்சம் உறுத்தியது. அந்த 64 பைட் நினைவகம் கரண்ட் இருக்கும் வரைக்கும்தான். கரண்ட் போனால் எட்டு எழுத்தும் அழியும். திரும்பி வரும்போது இங்கிலீசும் கட்டகானாவும் ரொம்மில் பத்திரமாக இருக்கும், தமிழ் இருக்காது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டுப் பார்த்த நாடு இது. ஆகவே பெட்டி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்த்து, எந்த வேளை எண்டு தீர்மானித்து, அதுக்குரிய எட்டு எழுத்தையும் திரைக்குத் திரும்பச் சொல்லிக் குடுக்கும்படி எழுதினோம். ஒரு செக்கன் கூட எடுக்காது. அம்மம்மாவுக்கு இது எதுவும் தெரியத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் அந்தத் திரைக்குத் தமிழை யாராவது புதிதாகப் படிப்பிக்க வேண்டியிருக்கு எண்டது எங்களுக்குத் தெரியும்.

"இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? புள்ளி புள்ளியாக எதையும் கீறக்கூடிய கிராபிக் திரை கிடைக்குதே, போனில் ஒரு அப் போடலாமே" எண்டு சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 128க்கு 64 புள்ளித் திரை ஒன்று வாங்கக் கையில் காசிருந்தால் வாங்குங்கோ, எந்தத் தமிழ் எழுத்தையும் ஒழுங்காகக் கீறலாம். அம்மம்மா ஸ்மார்ட்போன் பாவிக்கிறதில்லை. ஆனால் எங்கள் பதில் அது மட்டும் இல்லை. தராசிலும் மீற்றரிலும் மருந்துக் கருவிகளிலும் இந்த இரண்டு வரித் திரை இன்னும் கன காலத்துக்கு இருக்கத்தான் போகுது. தமிழ் வராது எண்டு ஒரு வசனத்தில் முடித்துவிட்டு இங்கிலீசில் எழுதுகிறது பழக்கமாகிவிட்டது. வரும், எட்டெட்டாக வரும். எந்த எட்டு எண்டு யோசிக்க ஒரு ஆள் இருக்க வேணும், அந்தப் பெட்டியை யார் வாசிக்கப் போகினம் எண்டு அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேணும். 'குளிசை'யா 'மாத்திரை'யா எண்ட கேள்விக்கு எந்தத் தரவுத்தாளிலும் பதில் இல்லை.

உங்களிடம் ஆர்டுயினோ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கணக்குக் கொப்பி எடுத்து உங்கட பெயரை 5க்கு 8 கட்டத்தில் எழுதிப் பாருங்கோ. எத்தனை உருவம் வேணும், எந்த எழுத்து முரண்டு பிடிக்குது எண்டு எண்ணுங்கோ. 'ண'வோ 'ஞ'வோ பெயரில் இருந்தால் பாவம்தான்.

பெட்டி இப்ப வேலை செய்யுது. இரண்டாவது கிழமை அம்மம்மா போன் எடுத்தா. நன்றி சொல்லப் போறா எண்டு நினைத்தோம். "காலைக் குளிசையில ஒண்டு சாப்பாட்டுக்கு முன்னம் போடுறது, மற்றது சாப்பிட்ட பிறகு. அதையும் அதிலயே எழுதி விடுங்கோவன்" எண்டா. போனை வைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தோம். 'சாப்பிட முன்': ச, அரவு, ப், பி, ட, மு, ன். ஏழு. 'சாப்பிட்ட பிறகு': ச, அரவு, ப், பி, ட், ட, ற, கு. பி இரண்டு தரம் வருது, ஒரு தரம் கீறினால் போதும். எட்டு. குளிசையோடு ஒரே நேரத்தில் காட்ட ஏலாது, மாறி மாறித்தான் காட்ட வேணும். இப்ப 'மு'வைக் கீறிக்கொண்டிருக்கிறோம்.